ஜெரி ஏன் தோற்க வேண்டும்?

1977இல் அமெரிக்காவில் வெளியான 'ஐ ஆம் தி சீஸ்' என்ற நாவலில் ஒரு தொலைபேசி எண் வருகிறது. கதையின் நாயகன் ஆடம் என்கிற பதின்வயதுப் பையன் தன் தோழி ஏமி ஹெர்ட்ஸை அழைக்கும் எண் அது. படித்த பிள்ளைகளில் சிலருக்கு ஒரு குறும்பு தோன்றியது. கூப்பிட்டுத்தான் பார்ப்போமே என்று அந்த எண்ணை அழைத்தார்கள். மணி அடித்தது. எடுத்தவர் அந்த நாவலை எழுதிய ராபர்ட் கார்மியர்.

தன் சொந்த வீட்டு எண்ணையே அவர் கதைக்குள் போட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரும் எண்ணை மாற்றாமல் பேசிக்கொண்டே இருந்தார். அமெரிக்க இளையோர் இலக்கியம் பற்றிப் படிக்கும்போது எனக்கு மறக்காமல் தங்கிவிட்ட செய்தி இது. காரணம், இந்த மனிதர் மீது இருந்த பெரிய குற்றச்சாட்டே "பிள்ளைகளின் நம்பிக்கையைப் பறிக்கிறார்" என்பதுதான். பெற்றோர்கள் புகார் எழுதினார்கள். பள்ளிகள் நூல்களை விலக்கின. அப்படிப்பட்டவர் வீட்டில்தான் இந்தத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கதை எழுதுகிறவர், நல்லவன் ஜெயிப்பான் என்று சொல்லக் கடமைப்பட்டவரா? கேள்வி லேசாகத் தெரியலாம். உள்ளே போனால் அப்படி இல்லை.

*

கார்மியர் 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டரில் பிறந்தார். சீப்புத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அவருடைய அப்பாவும் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர். பிரெஞ்சு வம்சாவளிக் கனடியர்கள் நெருக்கமாக வாழ்ந்த பிரெஞ்ச் ஹில் பகுதியில், கத்தோலிக்கக் குடும்பத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் வளர்ந்தார். பள்ளி நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே அவருடைய வீடு எரிகிறது. ஓடப் பார்த்தவரை ஆசிரியையான கன்னியாஸ்திரி தடுத்து, முதலில் ஜெபம் சொல்லி முடி, பிறகு போ என்றார். வீட்டில் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். ஆனால் ஜெபத்தை முடிக்கும்வரை அந்தப் பையனுக்கு அது தெரியாதே. அதிகாரத்தில் இருப்பவர் நல்ல காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே எவ்வளவு கொடுமையாக இருக்க முடியும் என்று அவர் புரிந்துகொண்ட முதல் இடம் இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வானொலிக்கு விளம்பரம் எழுதுவதில் தொடங்கிப் பத்திரிகைக்கு வந்தார். சுமார் முப்பது ஆண்டுகள் உள்ளூர் செய்தித்தாள்களில் நிருபர், ஆசிரியர், பத்தி எழுத்தாளர். அப்பா நோயில் இறந்த துக்கத்திலிருந்து பிறந்தது முதல் நாவல் 'நவ் அண்ட் அட் தி ஹவர்'. 1960இல் வந்தது. அதுவும் அடுத்த இரண்டும் பெரியவர்களுக்கான நாவல்கள். நல்ல பெயர் கிடைத்தது, பெரிய விற்பனை இல்லை. கல்யாணம், நான்கு குழந்தைகள், ஞாயிறு கோயில், அலுவலகம், இரவில் எழுத்து என்று போன வாழ்க்கை. கடைசிவரை லெமின்ஸ்டரை விட்டு அவர் போகவும் இல்லை. 2000இல் இறந்தார். சண்டை சச்சரவு, குடி, ஓடிப்போதல் என்று வாழ்க்கை வரலாற்றுக்குத் தீனி போடும் எதுவும் இவரிடம் கிடையாது. இவ்வளவு சாதுவான வாழ்க்கையிலிருந்து அவ்வளவு இருட்டான கதைகள் எப்படி வந்தன என்று பலரும் கேட்டிருக்கிறார்கள்.

கதைகள் வந்த வழி இதுதான். அவருடைய மகன் படித்த பள்ளியில் நிதி திரட்டுவதற்காக மாணவர்களிடம் சாக்லேட் பெட்டிகளைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். மகன் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தான். விற்க இஷ்டமில்லை என்றான். வீட்டில் பேசினார்கள். கடைசியில் அப்பாவும் மகனுமாகப் போய்ப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஆனால் மகன் பெட்டிகளோடு பள்ளிப் படி ஏறும்போது அப்பாவுக்கு வயிற்றில் ஒரு பயம். இவனை ஏதாவது செய்துவிட்டால்? சக மாணவர்கள் சும்மா விடாவிட்டால்? உண்மையில் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் எழுத ஆரம்பித்தார்.

1974இல் வெளிவந்த 'தி சாக்லேட் வார்' இப்படிப் பிறந்த நாவல்.

*

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வாதம் முழுக்க முடிவைப் பற்றியது.

டிரினிட்டி என்கிற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. தலைமை ஆசிரியர் உடல்நலம் இல்லாமல் இருக்க, பொறுப்பில் இருக்கிறார் பிரதர் லியான். பள்ளிக்குப் பணம் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 20,000 பெட்டி சாக்லேட்டை வாங்கிப் போட்டுவிடுகிறார். போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு சரக்கு, இரண்டு மடங்கு விலை. நானூறு மாணவர்கள், ஆளுக்கு 50 பெட்டி. பெயருக்கு இது தன்னார்வம். பள்ளிக்குள் 'விஜில்ஸ்' என்று ஒரு ரகசியக் கும்பல் இருக்கிறது. அதற்கு மூளை ஆர்ச்சி காஸ்டெல்லோ. ஆர்ச்சி யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டான். மற்றவர்களை வைத்தே எல்லாம் செய்விப்பான்.

ஜெரி ரெனோ அந்த வருடம் சேர்ந்த பையன். அம்மா சமீபத்தில்தான் இறந்திருக்கிறாள். அப்பா மருந்தாளுநர், எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே சுருண்டுகொள்கிறவர். விஜில்ஸ் ஜெரிக்கு ஒரு வேலை கொடுக்கிறது. பத்து நாட்கள் சாக்லேட் விற்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும், பதினோராவது நாள் சரி என்று சொல்லிவிடலாம். பத்து நாள் முடிகிறது. பிரதர் லியான் பெயர் வாசிக்கிறார். ஜெரி மறுபடியும் "மாட்டேன்" என்கிறான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே முழுசாகத் தெரியாது.

அதுவரை அவன் ஒரு கும்பலின் கட்டளைக்காக மறுத்தவன். இப்போது சொந்தமாக மறுக்கிறான். பள்ளி நிர்வாகம், கும்பல் இரண்டும் சேர்ந்து அவனைக் குறி வைக்கின்றன. இரவில் தொலைபேசி அடித்து மறுமுனையில் சிரிப்பு. லாக்கர் நாசமாகிறது. பிறகு யாரும் அவனைப் பார்க்காதது போல நடக்கிறார்கள். கடைசியில் விளையாட்டு மைதானத்தில் ஒரு குத்துச்சண்டை. பார்வையாளர்கள் சீட்டு வாங்கி, யார் யாரை எங்கே குத்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். முழுப் பள்ளியும் கூடி நிற்கிறது. சண்டை கையை மீறிப் போகிறது, ஜெரி நினைவு தப்பும் அளவுக்கு அடி வாங்குகிறான். தூரத்து மேட்டில் நின்று பிரதர் லியான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆர்ச்சிக்கு ஒன்றும் ஆவதில்லை. நண்பன் கூபரின் மடியில் கிடக்கும் ஜெரி அவனிடம் சொல்ல நினைப்பது இதுதான்: அவங்க சொல்றதைச் செஞ்சுடு, எதிர்த்து நிக்காதே. நாவல் முடிகிறது.

பல பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. முடிவை மாற்றினால் பார்க்கலாம் என்றார்கள். கார்மியர் மாற்றவில்லை. ஐம்பது வயதை நெருங்கும், பெரிய பெயர் எடுக்காத, நான்கு குழந்தைகள் உள்ள ஒரு பத்திரிகையாளருக்கு இது சின்ன முடிவு அல்ல. இதை இளையோர் நாவல் என்று அனுப்பலாம் என்ற யோசனை அவருடைய முகவருடையது. அதுவரை அவர் இளையோருக்கென்று எழுதுவதாகவே நினைத்திருக்கவில்லை. பாந்தியன் பதிப்பகம் முடிவைத் தொடாமல் வெளியிட்டது. 1967இல் எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' திறந்து வைத்த ஒரு பாதையில் கார்மியர் இப்படித்தான், ஏறக்குறைய தற்செயலாக, வந்து சேர்ந்தார். 1991இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு அவருக்கு மார்கரெட் ஏ. எட்வர்ட்ஸ் விருது கொடுத்தது. அதே சங்கம் வெளியிடும் 'அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்கள்' பட்டியலில் 2004இல் 'தி சாக்லேட் வார்' முதலிடம். 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டுப் பட்டியலில் மூன்றாமிடம். புளோரிடாவின் பனாமா சிட்டியில் 1986இல் தொடங்கிய 'ஐ ஆம் தி சீஸ்' தகராறு, அடுத்த ஆண்டு நீதிமன்றம் வரை போனது.

எதிர்த்தவர்கள் கெட்ட வார்த்தைகளையும் பாலியல் குறிப்புகளையும் காரணமாகச் சொன்னார்கள். அதை விட்டுவிடுவோம். அவர்களில் யோசித்துப் பேசியவர்கள் சொன்ன காரணம் வேறு. இந்த உலகத்தில் எதிர்த்து நின்று பயனில்லை என்று என் பிள்ளைக்கு ஒரு புத்தகம் ஏன் சொல்லித்தர வேண்டும்? இதைக் கேட்ட அம்மாவை என்னால் முட்டாள் என்று ஒதுக்க முடியவில்லை.

*

இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில் சாக்ரடீஸ் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். அநியாயம் செய்கிறவர்கள் சுகமாக இருக்கிறார்கள், நியாயவான்கள் துன்பப்படுகிறார்கள் என்று கவிஞர்களும் கதைசொல்லிகளும் பாடித் திரிகிறார்கள். நம் நகரத்தில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது, இதற்கு நேர்மாறாகப் பாடச் சொல்ல வேண்டும் என்கிறார். பனாமா சிட்டி பெற்றோர்களுக்குத் தெரிந்திருக்காது, அவர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் சாக்ரடீஸ்.

ஆனால் அதே நூலின் இரண்டாம் பகுதியில் இன்னொரு குரல் இருக்கிறது. பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கன் சாக்ரடீஸை மடக்குகிறான். எல்லோரும் நியாயத்தைப் புகழ்கிறார்கள் சரி, அதனால் கிடைக்கும் நல்ல பெயருக்காகவும் பரிசுகளுக்காகவும்தானே புகழ்கிறார்கள்? பரிசை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு யோசிப்போம். முழுக்க நியாயமான ஒருவன். ஆனால் ஊர் அவனை அயோக்கியன் என்று நினைக்கிறது. சவுக்கால் அடிக்கிறார்கள், சித்திரவதை செய்கிறார்கள், கடைசியில் கழுவேற்றுகிறார்கள். எதிரே முழு அயோக்கியன் ஒருவன், ஊர் அவனைக் கொண்டாடுகிறது. இப்போது சொல்லுங்கள், இருவரில் யாராக இருப்பது மேல்?

மைதானத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஜெரி, கிளாக்கன் சொன்ன அந்த நியாயவான். பெரிய தத்துவ நியாயம் எதுவும் அவன் கையில் இல்லை, "மாட்டேன்" என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. பரிசு முழுக்க உருவப்பட்டுவிட்டது. நல்ல பெயர் போனது, நண்பர்கள் போனார்கள், உடம்பும் போனது. நாவலின் கடைசிப் பக்கத்தில் தன் மறுப்பின் மேல் அவனுக்கே இருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. கிளாக்கன்கூட இவ்வளவு தூரம் போகவில்லை. அவனுடைய நியாயவான் கழுமரத்திலும் நியாயத்தை நம்பிக்கொண்டே சாவான். ஜெரிக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இப்படி எல்லாவற்றையும் உருவிய பிறகு படிக்கிறவரிடம் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவன் மறுத்தது சரியா?

ஜெரி ஜெயித்திருந்தால் இந்தக் கேள்வியை நாம் கேட்கவே மாட்டோம். கைத்தட்டியிருப்போம். எதற்குக் கைத்தட்டினோம், அவன் மறுத்ததற்கா, ஜெயித்ததற்கா? நமக்கே தெரிந்திருக்காது. தோற்றவன் செய்தது சரி என்று நமக்குத் தோன்றினால், அது ஜெயிப்பைச் சாராத ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நாமே நம் தலைக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கதை எடுத்துத் தராது.

1988இல் கீத் கார்டன் இந்த நாவலைப் படமாக எடுத்தார். முடிவு மாறியது. படத்தில் கடைசிச் சண்டை ஜெரிக்கும் ஆர்ச்சிக்கும். ஜெரி ஆர்ச்சியை வீழ்த்துகிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, தானும் அவர்கள் ஆட்டத்தைத்தான் ஆடிவிட்டோம் என்று அவனுக்குப் புரிகிறது. இயக்குநர் புத்திசாலி, வெற்றியிலேயே ஒரு கசப்பை வைத்திருக்கிறார். ஆனாலும் பார்த்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். ஆர்ச்சி அடிவாங்கும்போது எனக்குள் ஒரு திருப்தி ஏறியது. சீட்டு வாங்கிக்கொண்டு மைதானத்தில் நின்ற கூட்டத்துக்கு ஏறிய அதே திருப்தி. நாவல் எனக்கு அந்தத் திருப்தியைத் தர மறுத்தது. அதனால் கூட்டத்தில் ஒருவனாக நிற்க முடியாமல் போனது.

ஒன்றைக் கவனியுங்கள். கிளாக்கன் இதே வாதத்தில் ஒரு மோதிரக் கதையும் சொல்கிறான். கைஜீஸ் என்பவனின் குடும்பக் கதை. போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாமல் மறையலாம். அப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் யார்தான் நல்லவனாக இருப்பார் என்று கேட்கிறான். கார்மியர் 1988இல் எழுதிய 'ஃபேட்' நாவலில், பிரெஞ்சுக் கனடியக் குடியிருப்பு ஒன்றில் வாழும் பையனுக்கு மறையும் சக்தி வருகிறது. தாய்மாமன் சித்தப்பா வழியில் மருமகப்பிள்ளைக்கு இறங்கும் சக்தி. அவன் மறைந்து நின்று பார்ப்பதெல்லாம், தான் மதித்த மனிதர்களின் அசிங்கங்கள். கடைசியில் அவன் கையிலும் ரத்தக்கறை. கார்மியர் பிளேட்டோவை நினைத்து எழுதினாரா என்று நான் வாதாட வரவில்லை. கிளாக்கனின் இரண்டு சோதனைகளும் இரண்டு நாவல்களில் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்பது போதும். பதின்வயதுப் பிள்ளை தாங்குமா என்று நாம் யோசிக்கும் கேள்விகள், மேற்கத்திய அறவியலின் முதல் கேள்விகள்.

*

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் மேசையில் உட்கார்ந்து யோசிக்கும் ஆளுக்குச் சரி. தினமும் பள்ளியில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் பையனுக்கு? அவன் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, "ஆமா, இதுதான் உண்மை, நான் சும்மா இருந்தது சரிதான்" என்று மூடி வைத்துவிட்டால்? அல்லது ஆர்ச்சியைப் பார்த்து, இவன்தான் கெத்து என்று ஒருவன் கற்றுக்கொண்டால்? நாவலில் ஆர்ச்சி சுவாரசியமான ஆள், புத்திசாலி. அவனைப் பிடித்துப்போகும் ஆபத்து நிஜமானது.

என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. ஆங்கில நாவல்களை வெறியாகப் படிப்பாள். போன கோடை விடுமுறையில் என் அலமாரியில் இந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். அக்கா பின் அட்டையைப் படித்துவிட்டு என்னிடம், "ஏன்டா, அது ஏற்கெனவே ஸ்கூல் போகணும்னாலே மூஞ்சியத் தூக்குது. இதைப் படிச்சு இன்னும் பயந்துடாதா?" என்றாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிளேட்டோவை வைத்து அக்காவிடம் பேச முடியாது. "படிக்கட்டும்க்கா, கூட நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொன்னேன்.

பாதியில் வந்து, "மாமா, ஜெரி ஜெயிச்சுடுவான்ல?" என்று கேட்டாள். படிச்சுட்டுச் சொல்லு என்றேன். முடித்த அன்று சாப்பிடும்போது பேசவில்லை. ராத்திரி வந்து உட்கார்ந்தாள்.

"நானூறு பேர் இருந்தாங்க மாமா. ஒருத்தன்கூடவா நிறுத்தச் சொல்லல?"

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கிளாஸ்லயும் ஒருத்தி இருக்கா. யாரும் பேச மாட்டாங்க அவகிட்ட. நானும் பேசினதில்ல" என்றாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் பேசவில்லை. அந்தப் பெண்ணோடு இவள் பேசினாளா என்று நான் கேட்கவும் இல்லை. ஒரு புத்தகம் படித்து ஒரு பிள்ளை மாறிவிட்டது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் கேட்ட கேள்வியைக் கவனிக்கச் சொல்கிறேன். ஜெரி ஏன் தோற்றான் என்று அவள் கேட்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டாள். நான் இந்த நாவலை முதலில் படித்தபோது ஜெரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள்.

அவள் கேட்ட பிறகு மறுபடி படித்தேன். நாவல் முழுக்க அந்தக் கூட்டம் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு வகுப்பறைக் காட்சி. பெய்லி என்ற நன்றாகப் படிக்கும் பையனைக் காப்பியடித்ததாகப் பிரதர் லியான் பொய்யாகக் குற்றம் சாட்டி நிற்க வைத்துக் குதறுகிறார். வகுப்பு சிரிக்கிறது, பிறகு அமைதியாகிறது. பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் முணுமுணுக்கிறது, அவனை விடுங்க என்று. உடனே லியான் கட்சி மாறுகிறார். பெய்லி ஒன்றும் செய்யவில்லை, நீங்கள்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கொஞ்ச நேரத்துக்கு இந்த வகுப்பையே நாஜி ஜெர்மனி ஆக்கிவிட்டீர்கள் என்று மாணவர்களையே குற்றம் சாட்டுகிறார். சொல்கிறவர் அயோக்கியர். சொன்னது உண்மை. இந்த இரண்டையும் ஒரே காட்சியில் பதினான்கு வயது வாசகர் முன்னால் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

1985இல் எழுதிய தொடர்ச்சி நாவலிலும் இதே மாதிரி ஓர் இடம் வருகிறது. ஆர்ச்சியின் அடியாளாக இருந்த ஓபி, எல்லாம் உன்னால்தான் என்று ஆர்ச்சியிடம் பாய்கிறான். ஆர்ச்சியின் பதிலின் சாரம்: நான் யார் கையையும் முறுக்கவில்லை, எந்த நேரத்திலும் நீ முடியாது என்று சொல்லியிருக்கலாம். மறுபடியும் உண்மை அயோக்கியன் வாயிலிருந்து வருகிறது.

முப்பது வருடப் பத்திரிகையாளரின் கண் இங்கே வேலை செய்கிறது என்பேன். ஒரு கொடுமை நடந்தால் அதைச் செய்த அரக்கன் யார் என்று தேடுவது சுலபம். நிருபர் வேறு மாதிரி விசாரிப்பார். யார் சாவியைக் கொடுத்தது, யார் கையெழுத்துப் போட்டது, யார் பார்த்துவிட்டுப் போனது? கார்மியர் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் காட்டுகிறார். சீட்டு அச்சடித்தவன் ஒருவன், விற்றவன் ஒருவன், ஒரு டாலர் கொடுத்து வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில். தனியாக எடுத்தால் யாரும் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு பையனை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். எதிர்த்து நின்று பயனில்லை என்று நாவல் சொல்வதாக அந்த அம்மா படித்தார். தனியாக ஒருவனை எதிர்க்க விட்டுவிட்டால் இதுதான் நடக்கும் என்று சொல்வதாக என் அக்கா மகள் படித்திருக்கிறாள். கதை ஒன்றுதான். இரண்டாவது வாசிப்பில் செய்வதற்கு வேலை இருக்கிறது.

*

அப்படியானால் எழுத்தாளரின் கடமைதான் என்ன?

சுகமான முடிவு என்பது ஒரு வாக்குறுதி. நீ நல்லது செய், உனக்கு நல்லதே நடக்கும் என்று பெரியவர் ஒருவர் பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு. அதை நம்பி ஒரு பிள்ளை நாளைக்கு வகுப்பில் எழுந்து நின்று, கதையில் நடந்தது போல நடக்காமல், எல்லோரும் சேர்ந்து அவனை ஒதுக்கிவிட்டால்? அவனுக்கு அடியோடு சேர்த்து இன்னொரு சுமையும் ஏறும். கதைகளில் எல்லாம் நல்லவன் ஜெயிக்கிறானே, நான் தோற்றால் என்னிடம்தான் ஏதோ தப்பு என்று நினைப்பான். தோல்வி அவமானமாக மாறும் இடம் அது. ஜெரியின் கதையைப் படித்த பிள்ளைக்கு அந்த அவமானம் வராது. சரியாக நடந்துகொண்டும் தோற்க முடியும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். இந்தத் தகவலைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நான் நினைக்கவில்லை. இருட்டைக் காட்டிவிட்டுக் கிளம்பிப் போவது யாராலும் முடியும். அதில் ஒரு சொகுசு இருக்கிறது, எழுதுகிறவர் பெரிய யதார்த்தவாதி என்ற பெயரையும் வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் அந்தத் தொலைபேசி எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதற்காகப் போட்டார் என்பது எனக்கு முக்கியமில்லை, அழைப்புகள் வர ஆரம்பித்த பிறகும் எடுத்தார் என்பதுதான் முக்கியம். 'ஐ ஆம் தி சீஸ்' முடிவில் ஆடம் தப்பிக்க வழியில்லாத ஒரு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறான். அந்த எண்ணை அழைத்தால் ஏமி கிடைக்க மாட்டாள் என்பதுதான் கதையின் துயரம். கதைக்கு வெளியே அதே எண்ணை ஒரு பிள்ளை அழைத்தால், ஒருவர் எடுத்து "சொல்லுப்பா" என்றார்.

எல்லா எழுத்தாளரும் வீட்டு எண்ணைக் கொடுக்க முடியாது. இன்றைக்கு யாராவது கொடுத்தால் என்ன ஆகும் என்றும் நமக்குத் தெரியும். அந்த வேலை எழுத்தாளரோடு முடிவதும் இல்லை. புத்தகத்தைக் கொடுக்கும் ஆசிரியர், நூலகர், அலமாரியைத் திறந்து வைத்த மாமா, எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது. கடினமான கதையைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். கொடுத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கதை முடிந்த ராத்திரி அந்தப் பிள்ளை வந்து உட்கார ஓர் இடம் வேண்டும். தடை போடுகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். பக்கத்தில் உட்கார வேண்டிய வேலையைச் செய்யாமல் புத்தகத்தை மட்டும் அப்புறப்படுத்துகிறார்கள். மைதானம் அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாகக் கூபரைப் பற்றி ஒரு விஷயம். ஜெரியின் ஒரே நண்பன். நல்ல மனசுக்காரன். ஜெரிக்கு ஆதரவாக அவனும் ஐம்பதை எட்டுவதற்கு முன்பே சாக்லேட் விற்பதை நிறுத்திவிடுகிறான், யாரிடமும் சொல்லாமல். ஒரு நாள் அவன் ஐம்பது பெட்டியும் விற்றுவிட்டதாக அறிவிப்பு வருகிறது. விஜில்ஸின் வேலை. மாணவர்கள் கைதட்டுகிறார்கள். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். "இல்லை, நான் விற்கவில்லை" என்று சொன்னால் போதும். அன்றைக்கு அவனை யாரும் அடித்துக்கூட இருக்க மாட்டார்கள். ஜெரிக்கு இரண்டாவது ஆள் கிடைத்திருப்பான். கூபர் ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்விடுகிறான்.

நம்மில் யாரும் ஆர்ச்சி அளவுக்குப் போக மாட்டோம். ஜெரியாக இருக்கும் தைரியமும் பலருக்கு வராது. கூபரின் இடத்தில் மட்டும் நாம் எல்லோருமே அடிக்கடி நிற்கிறோம். யாரோ நம் பெயருக்கு நேரே ஒரு பொய்யான எண்ணை எழுதிக் கைதட்டுகிறார்கள். அந்த எண்ணைத் திருத்திச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நாவலில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை.